மலிவு லேத்தில் மரம் கடையலாமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: தச்சு வேலை ஓரளவு தெரியும், கடைசல் புதிது. மேசை மேல் வைக்கிற மலிவான லேத் (கட்டையைச் சுழற்றி உளியால் கடையும் இயந்திரம்) ஒன்றை வாங்கித் தொடங்கலாமா, இல்லை காத்திருந்து நல்லதாக வாங்குவதா? பாதுகாப்புக்கு எதெல்லாம் நிஜமாகவே வேண்டும், எதெல்லாம் சும்மா தலையில் கட்டப் பார்ப்பது? முதலில் எதைக் கடைவது?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் லேத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். பாதியை லேத்துக்கு வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை உளிக்கும் சாணைக்கும் முகத்துக்கும் மூச்சுக்கும் ஒதுக்குங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான். சக்திக்கு மீறிய லேத்தை வாங்கிவிட்டு, மழுங்கிய உளியோடும் சாதாரண மூக்குக்கண்ணாடியோடும் ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். மரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. பழியை மரத்தின் மேல் போட்டேன், பிறகு லேத்தின் மேல் போட்டேன். சாணை பிடிக்கத் தெரியவில்லை என்பது கடைசியில்தான் உறைத்தது.

லேத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது அதன் மிகக் குறைந்த வேகம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அதிகபட்ச வேகமாக இருக்கும். அது நமக்கு அநேகமாகத் தேவைப்படாது. சில மலிவு லேத்துகள் நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கீழே இறங்கவே இறங்காது. கைப்பிடி, பம்பரம் போன்ற சின்ன வேலைக்கு அது போதும். ஆனால் இன்னும் உருண்டையாகாத, ஒரு பக்கம் கனத்த பெரிய கட்டையை அந்த வேகத்தில் ஓட்டினால் லேத் மேசையோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிடும். 500 அல்லது அதற்குக் கீழே போகிற லேத்தாகப் பாருங்கள். எலெக்ட்ரானிக் முறையில் வேகம் மாற்றும் லேத் வசதியானது. ஆனாலும் உள்ளே பெல்ட்டை இரண்டு மூன்று புல்லிகளுக்கு மாற்றிப் போடும் வசதியும் இருக்கட்டும். திருகியைத் திருப்பி வேகத்தை மட்டும் குறைத்தால் சிறிய மோட்டார்களுக்கு இழுவை போய்விடும்.

இன்னொன்று ஸ்விங், அதாவது லேத்தில் சுழலக்கூடிய கட்டையின் அதிகபட்ச விட்டம். ‘10 அங்குல ஸ்விங்’ என்றால் அச்சுக்கும் கீழேயுள்ள படுகைக்கும் நடுவே 5 அங்குலம் இருக்கிறது என்று பொருள். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டின் அடிப்பாகமும் அந்த இடைவெளிக்குள்தான் வர வேண்டும் என்பதால், கிண்ணம் கடையும்போது 8 அல்லது 9 அங்குலம்தான் வசதியாக வரும். தொடங்குகிறவருக்கு இது தாராளம்.

ஸ்பிண்டில் (கட்டையைச் சுழற்றும் தண்டு) மூக்கின் மரையையும் உள்ளே இருக்கும் டேப்பரையும் (கூம்புத் துளை) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்குல அளவில் 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, மெட்ரிக்கில் எம்33 (33 மில்லிமீட்டர் விட்டம்), உள்ளே மோர்ஸ் டேப்பர் 2: இவை பரவலாகக் கிடைப்பவை. பின்னாளில் வாங்கும், கட்டையைப் பிடிக்கும் சக், ஃபேஸ்பிளேட், சென்டர் எல்லாம் சிரமமில்லாமல் பொருந்தும். விசித்திரமான மரை உள்ள லேத்தை விலை குறைவு என்று வாங்கினால், ஒவ்வொரு துணைக்கருவிக்கும் அடாப்டர் தேடி அலைய வேண்டும்.

பழைய லேத் வாங்குகிறீர்களா? இரண்டு பக்கமும் கூரான சென்டர்களைப் போட்டு, டெயில்ஸ்டாக்கை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) நகர்த்தி, முனையும் முனையும் தொடுகிறதா என்று பாருங்கள். ஊசி முனைகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ‘டொக் டொக்’ என்று ஆடக் கூடாது. ஆடினால் பேரிங் போய்விட்டது. டூல் ரெஸ்டின் மேல் விளிம்பில் வெட்டுக்காயங்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், அரத்தால் ராவி மெழுகு தேய்த்தால் சரியாகிவிடும். எடை குறைந்த லேத் அதிர்ந்தால் ஸ்டாண்டின் அடித்தட்டில் மணல் மூட்டை இரண்டைப் போடுங்கள். இதைவிட மலிவான மேம்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்: கை டிரில்லை மாட்டி ஓட்டும் ‘லேத் செட்’. டிரில்லின் பேரிங் நேர் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. கடைசலில் அழுத்தம் பக்கவாட்டில் வருகிறது.

இனி உளிகள். தச்சு வேலைக்கு வைத்திருக்கும் உளியை லேத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கைப்பிடிக்குள் போகும் அதன் வால் குட்டை, சரிவு (நுனியில் சாணை பிடித்த சாய்வு) வேறு. பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அரத்தின் எஃகு கடினமானது, ஆனால் நொறுங்கும். உளி கவ்வும்போது இரண்டாக முறிந்து, ஒரு துண்டு உங்களை நோக்கி வரும்.

ஹெச்எஸ்எஸ் எனும் அதிவேக எஃகில் செய்த நான்கு கருவிகள் போதும். 20 முதல் 25 மில்லிமீட்டர் அகல ரஃபிங் கவ்ஜ் (சதுரக் கட்டையை உருளையாக்கும் குழிவு உளி), 10 மில்லிமீட்டர் ஸ்பிண்டில் கவ்ஜ் (வளைவுகளைக் கடையும் குழிவு உளி), 3 மில்லிமீட்டர் பார்ட்டிங் டூல் (வெட்டிப் பிரிக்கும் மெல்லிய உளி), வட்ட மூக்கு ஸ்கிரேப்பர் (சுரண்டும் உளி). மலிவு செட்டாக வாங்கினாலும் பரவாயில்லை, சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளும் காலத்தில் எப்படியும் பாதி எஃகைக் கல்லுக்குத் தின்னக் கொடுக்கத்தான் போகிறோம். கிண்ணம் கடையும் ஆசை வந்ததும் ஒரு போல் கவ்ஜ் (கிண்ணம் கடையும் குழிவு உளி) மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

ரஃபிங் கவ்ஜால் கிண்ணம் கடையலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும், பெரும்பாலான ரஃபிங் கவ்ஜ்களில் கைப்பிடிக்குள் போகும் வால் மெல்லிய பட்டைதான். இரண்டு சென்டருக்கு நடுவே சுழலும் தூண் மாதிரியான வேலையில் நார் அச்சுக்கு இணையாக ஓடும். கிண்ணக் கட்டையில் நார் குறுக்கே ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நாரின் தலைமுனை உளியை வந்து அடிக்கும். அந்த வால் அங்கேதான் முறியும்.

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்த கருவிகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சாணையே வேண்டாம், முனை மழுங்கினால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். முதல் நாளே ஏதோ ஒன்று உருவாகிவிடும். ஆனால் பெரும்பாலும் அது சுரண்டுகிறது, சீவுவதில்லை. பரப்பு முரடாக வருவதால் உப்புத்தாளில் அதிக நேரம் போகும். உப்புத்தாள் என்றால் தூசி. ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

சாணையில்தான் விஷயமே இருக்கிறது. 8 அங்குல, வேகம் குறைந்த கிரைண்டர் இருந்தால் நல்லது; 6 அங்குலச் சாதாரண கிரைண்டரும் ஓடும். அதில் வருகிற சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் போடுங்கள். கையால் பிடித்தே சாணை போடும் கைகாரர்கள் உண்டு, நாம் அவர்களில்லை. கோணம் ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்பி வர உளியை அதே கோணத்தில் பிடித்து வைக்கும் எளிமையான ஜிக் ஒன்று வேண்டும். மரத்துண்டுகளை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். ரஃபிங் கவ்ஜுக்கு 45 டிகிரி, ஸ்பிண்டில் கவ்ஜுக்கு 35 முதல் 40, போல் கவ்ஜுக்கு 55 முதல் 60, ஸ்கிரேப்பருக்கு 70 முதல் 80 என்று வைத்துத் தொடங்குங்கள்.

கோணம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உளியின் சரிவு முழுவதையும் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். கிரைண்டரை ஓட விடாமல், கல்லைக் கையால் அரைச் சுற்று சுற்றி உளியைத் தொட வைத்து எடுத்துப் பாருங்கள். கறுப்பு போன இடத்தில்தான் கல் பட்டிருக்கிறது. அடியில் மட்டும் போயிருந்தால் ஜிக்கைக் கொஞ்சம் தள்ள வேண்டும், நுனியில் மட்டும் போயிருந்தால் இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். சரிவு முழுவதும் ஒரே சீராகக் கறுப்பு போனதும் மோட்டாரைப் போடுங்கள். உளியை அழுத்தாதீர்கள்; அதன் எடையே போதும். தீப்பொறி நுனியைத் தாண்டி உளியின் மேல்பக்கத்துக்கு வழிந்து வரும் நொடியில் நிறுத்திவிடுங்கள், கூர் வந்துவிட்டது. நுனி நீலமானால் ஹெச்எஸ்எஸ் உளிக்கு ஒன்றும் ஆகாது, பழைய கார்பன் எஃகு என்றால் அந்த இடத்தில் பதம் போய்விடும். கடினமான மரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூடச் சாணைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு உளியை அழுத்துகிறவருக்குத்தான் விபத்து வருகிறது.

அந்த விபத்துக்குப் பெயர் ‘கேட்ச்’, நம் பேச்சில் உளி கவ்வுவது. சுழலும் கட்டையில் உளியின் சரிவு உரசிக்கொண்டிருக்கும்வரை மரமே உளியைத் தாங்குகிறது. சரிவு விலகி நுனி மட்டும் மரத்தில் பட்டால், ஓடுகிற கட்டை அந்த நுனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘டமார்’ என்று ஒரு சத்தம், மரத்தில் திருகாணி ஓடியது போல ஒரு தடம், கை மரத்துப் போகும். அதனால் வரிசை முக்கியம்: உளி முதலில் டூல் ரெஸ்டில் படிய வேண்டும், அடுத்து சரிவின் அடிப்பாகம் மரத்தைத் தொட வேண்டும், இன்னும் எதுவும் வெட்டப்படாது, வெறும் உரசல்தான், பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்த, நுனி இறங்கிச் சீவத் தொடங்கும். உளி ரெஸ்டில் படியும் முன் மரத்தைத் தொட்டால், நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் விரல்.

சரியாக வெட்டும்போது சத்தமே வேறு. மழுங்கிய உளி கரகரவென்று பொடியைத் துப்பும். கூரான உளி ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக இரையும், சீவல் நாடா மாதிரிச் சுருண்டு தோளுக்கு மேலே போகும். கண்ணைவிடக் காதை நம்பலாம்.

வேகத்துக்கு ஒரு சுருக்கக் கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் விடை 6000-க்கும் 9000-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6 அங்குலக் கட்டைக்கு 1000 முதல் 1500 வரை. இது உருண்டையாகி, அதிராமல் ஓடுகிற கட்டைக்கு. சதுரமாகவோ கோணலாகவோ இருக்கும்போது அதில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள். 10 அங்குலக் கட்டை 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தவறுதலாக 3000-இல் போட்டால் 144. வேகம் மூன்று மடங்கு, பெயர்ந்து வரும் துண்டின் மோதல் ஆற்றல் ஒன்பது மடங்கு. போன வேலையில் பம்பரம் கடைந்த வேகத்திலேயே பெல்ட்டை விட்டுவிட்டு, கிண்ணக் கட்டையை மாட்டிச் சுவிட்சைப் போடுவது கடைசல்காரர்கள் செய்யும் மிகச் சாதாரணமான தவறு.

பாதுகாப்புச் சாமானில் முதலிடம் ஃபேஸ் ஷீல்டுக்கு. மூக்குக்கண்ணாடி போதாது, கொரோனா காலத்தில் வாங்கி மூலையில் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீல்டும் போதாது, அது எச்சில் துளியைத் தடுப்பதற்கு. பாலிகார்பனேட்டில் செய்து, மோதலைத் தாங்குவதாகச் சோதித்த முத்திரை உள்ளதை வாங்குங்கள். அமெரிக்கத் தரம் என்றால் இசட்87 என்பதற்குப் பின்னால் கூட்டல் குறி இருக்கும். ஐரோப்பியத் தரமான இஎன்166-இல் ‘பி’ என்ற எழுத்து இருக்கும். சிறு எஃகுக் குண்டை நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது என்று அதற்கு அர்த்தம். ஷீல்டுக்குள் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஷீல்டைத் தூக்கிவிட்டு மறந்துபோகும் நேரத்துக்கு.

என்னுடைய ஷீல்டில் தாடைக்கு நேராக ஒரு பிறை வடிவக் கீறல் இருக்கிறது. 8 அங்குலக் கிண்ணம், ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பட்டை ஒட்டியிருந்த தடம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுவர் மெலிந்ததும் அந்தக் கோட்டோடு ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. ஷீல்டு பின்னால் தள்ளி, நான் உட்கார்ந்தே விட்டேன். சந்தேகம் வந்தால் கட்டையை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: நல்ல கட்டை கணீரென்று பேசும், வெடித்தது பொத்தென்று சொல்லும்.

ஷீல்டு இருக்கிறது என்ற தைரியமும் ஆபத்துதான். முழுக் கிண்ணம் கழன்று வந்தால் எந்த ஷீல்டும் தாங்காது. அதனால் சுவிட்சைப் போடும்போது கட்டை சுழலும் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். போடுவதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எதிலும் இடிக்கவில்லை என்று பாருங்கள். சக் சாவியைக் கழற்றிவிட்டீர்களா? டெயில்ஸ்டாக்கைப் பூட்டினீர்களா? நிறுத்தும் பொத்தான் சுழலும் கட்டையைத் தாண்டிக் கை நீட்டும் இடத்தில் இருந்தால், அதை டெயில்ஸ்டாக் பக்கம் மாற்றி வையுங்கள்.

கையுறை வேண்டாம். பாதுகாப்புச் சாமான் பட்டியலில் பலரும் முதலில் எழுதுவது அதைத்தான், லேத்தில் அது எமன். கையுறையோ தொளதொளத்த சட்டைக் கையோ மோதிரமோ கழுத்துச் சங்கிலியோ சிக்கினால் லேத் நிற்காது, உங்களை உள்ளே இழுக்கும். நீண்ட முடியை முடிந்து தொப்பிக்குள் செருகுங்கள். 2011-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டறையில், இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர் தலைமுடி லேத்தில் சிக்கி இறந்துபோனார். அது உலோக லேத். மர லேத்துக்கும் இரக்கம் கிடையாது. பாலிஷ் போடும்போது துணியைச் சுற்றி அழுத்துகிறார்கள், அதுவும் இதே கதைதான். டிஷ்யூ பேப்பர் வையுங்கள், சிக்கினால் கிழிந்துவிடும்.

அடுத்தது மூச்சு. அடி உடனே வலிக்கும், தூசி அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவு, முக்கியமாக மூக்கிலும் அதையொட்டிய குழிகளிலும். கண்ணுக்குத் தெரியும் சீவல் கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் போடும்போது எழும் நுண்தூசிதான் மணிக்கணக்கில் காற்றில் நிற்கிறது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் குறைந்தபட்சம். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, காற்று பக்கவாட்டில் புகும். வேலை முடிந்த கையோடு மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், அறையில் தூசி இன்னும் இருக்கிறது. உப்புத்தாள் போடும் முன் டூல் ரெஸ்டை அகற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து, கட்டையின் கீழ்ப்பாதியில், அது உங்களை விட்டு விலகி ஓடும் பக்கத்தில் தாளை வையுங்கள். 120 எண் தாளில் தொடங்கி 180, 240, 320. இடையில் எதையும் தாண்டினால் முந்தைய கீறல் எண்ணெய் பட்டதும் பல்லைக் காட்டும்.

சில மரங்களின் தூசி கூடுதல் தொல்லை. ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். அரளிப் பக்கமே போகாதீர்கள், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. தொடக்கத்துக்கு நார் நேராக ஓடும், கணு இல்லாத, ரொம்பக் கெட்டியாக இல்லாத எந்த மரமும் சரி. விழுந்த கிளையே போதும். பச்சை மரம் வெண்ணெய் மாதிரி சீவலாக வரும், தூசியும் குறைவு, ஆனால் காயும்போது கோணும். நடுத்தண்டு உள்ளே இருந்தால் அநேகமாக வெடிக்கும்; அதைப் பிளந்து ஒதுக்கிவிட்டுக் கடையுங்கள். பச்சைக் கிண்ணமென்றால் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டு, காகிதப் பைக்குள் வைத்து மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி மாட்டி முடிப்பார்கள்.

மெருகுக்கு அரக்கு, மெழுகு, எண்ணெய் எதுவும் ஆகும். ஆளி விதை எண்ணெய் நனைத்த துணியை மட்டும் உருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

முதலில் எதைக் கடைவது என்பதற்கு என் பதில் பம்பரம். 50 மில்லிமீட்டர் சதுரமும் ஒரு சாண் நீளமும் உள்ள கட்டை. இரண்டு முனையிலும் மூலைவிட்டம் போட்டு நடுப்புள்ளி எடுங்கள். ஸ்பர் சென்டரை (கட்டையில் பதிந்து அதைச் சுழற்றும் பல் வைத்த முனை) லேத்தில் வைத்து அடிக்காமல், தனியாகக் கழற்றிக் கட்டையில் மரச்சுத்தியால் அடித்துப் பதித்துவிட்டு மாட்டுங்கள், பேரிங் பிழைக்கும். டூல் ரெஸ்டுக்கும் மூலைக்கும் நடுவே அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் இடைவெளி. ரஃபிங் கவ்ஜால் நடுவில் தொடங்கி முனையை நோக்கிப் போங்கள், முனையிலிருந்து உள்ளே வந்தால் நீளச் சிராய் பெயர்ந்து பறக்கும். சதுரம் உருளையாகும்போது சத்தம் ‘தடதட’விலிருந்து மெல்ல மெல்ல இரைச்சலாக மாறும்.

பிறகு ஸ்பிண்டில் கவ்ஜால் வயிற்றை உருட்டி, அடியைக் குவித்து, மேலே விரலால் திருகும் காம்பை மெலிதாக்குங்கள். எப்போதும் உயரமான இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு. நார் தானாக வழிவிடும். இரண்டு முனையிலும் பென்சில் தடிமன் விட்டு நிறுத்தி, லேத்தை அணைத்து, மீதியைச் சிறு ரம்பத்தால் அறுத்து, அடி முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிக்கொள்ளுங்கள்.

தரையில் விட்டுப் பாருங்கள். தலையாட்டினால் காம்போ முனையோ அச்சிலிருந்து விலகியிருக்கிறது. இன்னொரு கட்டையை எடுங்கள். என் முதல் பம்பரம் நான்கு சுற்றில் சாய்ந்தது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ தூங்கியது.